அறுபத்து நாலாம் பக்கம்

மெகருன்னிசாவுக்கு ஜோனஸ் மேல் ஒரு பிரியம் உண்டு. அதை அவள் ஒளிக்கவும் இல்லை. கல்யாணமான புதிதிலேயே புருஷன் தவுபிக்கிடம் சொல்லிவிட்டாள். "அந்த நாவல்ல வர்ற ஆம்பளைகள்லயே ஜோனஸ் ஒருத்தர்தான் மச்சான் மனுசன்." தவுபிக் அப்போது மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். நிமிராமலேயே, "அப்படியா" என்றான். காதுமடல் மட்டும் சிவந்தது. முள் குத்தியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நாவல் என்றால் அமெரிக்க நாவல். பி.ஏ. ஆங்கிலத்தில் கடைசி வருஷம் அது ஒரு தனிப் பேப்பர். எண்ணூறு பக்கம். ஒரு கோதுமைப் பண்ணை, அதைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற எஸ்ரா, அவர் மனைவி லிடியா, மகன் வால்டர், மகள் மில்லி, மழை பெய்யாத வானம். அந்த ஊரில் அதைக் காவியமாகக் கொண்டாடுகிறார்களாம். சிவகாசிக் கல்லூரியில் அதைப் படித்துப் பரீட்சை எழுதிய ஒருத்தியாவது அந்த எண்ணூறு பக்கத்தைக் கண்ணால் கண்டிருப்பாளா என்பது சந்தேகம். எல்லோர் கையிலும் இருந்தது கைடு. மஞ்சள் அட்டை, மேலே 'அனுபவமிக்க பேராசிரியர் குழு' என்று பெரிய எழுத்து, உள்ளே கதைச் சுருக்கம், பிறகு முக்கியப் பாத்திரங்கள், ஆளுக்கு ஒன்றிரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஜோனஸ்.

அந்தக் கைடு அச்சானது தவுபிக் புரூஃப் பார்க்கும் அச்சாபீஸில்தான். காலண்டர், டைரி சீசன் முடிந்து மிஷின்கள் கொட்டாவி விடுகிற மாதங்களில் அங்கே கைடு ஓட்டுவார்கள். நம்ம வீட்டு ஆபீசில் அடித்த புத்தகம் என்பதில் மெகருன்னிசாவுக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஆனால் பெருமைப்பட்டு என்ன செய்ய? அந்த ஒரே பேப்பரில் அவள் இரண்டு முறை பெயில்.

மற்ற பேப்பர் எல்லாவற்றிலும் நல்ல மார்க். இதில் மட்டும் கல்லூரியில் இருக்கும்போதே ஒரு தடவை கோட்டை விட்டாள், கல்யாணத்துக்குப் பிறகு எழுதி இன்னொரு தடவை. இரண்டு முறையும் சொற்ப மார்க்கில் போனது. இப்போது சிலபஸ் மாறுகிறது, வருகிற நவம்பரோடு பழைய பேப்பருக்கு மூடுவிழா. இதிலும் போனால் மூன்று வருஷப் படிப்பும் தண்ணீரில் போட்ட மாதிரிதான். விருதுநகரில் அவர்கள் தெருவுக்கு அடுத்தாற்போல இருந்த பள்ளிக்கூடத்தில், "டிகிரியை மட்டும் கொண்டாங்க டீச்சர், மூணாம் கிளாஸ் ஒங்களுக்குத்தான்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். டீச்சர் என்று அவர்கள் கூப்பிட்டது அவள் காதில் அப்படியே தங்கிவிட்டது. வேறு எதற்கும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஏன் பெயிலானோம் என்று யோசித்து அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். இரண்டு முறையும் பெரிய கேள்வி ஒன்றுதான். 'இந்த நாவலில் உங்களை மிகவும் கவர்ந்த பாத்திரம் எது, ஏன்?' இரண்டு முறையும் அவள் ஜோனஸைத்தான் எழுதினாள். ஆனால் கைடில் ஜோனஸுக்கு ஒரே ஒரு பக்கம். ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் இழுப்பது? மூலப் புத்தகத்தைப் படித்து ஜோனஸைப் பற்றி விலாவாரியாக எழுதினால் மார்க்கைக் கொட்டிக் கொடுத்துவிட மாட்டார்களா?

"மச்சான், நான் அந்த நாவலையே படிக்கப் போறேன்" என்றாள்.

தவுபிக்குக் குடித்த டீ புரையேறியது. "எண்ணூறு பக்கத்தையா? எதுக்கு? கைடு இருக்குல்ல."

"கைடை வச்சு ரெண்டு வாட்டி கிழிச்சது போதும்."

கல்லூரி நூலகத்தில் கெஞ்சிக் கூத்தாடிப் புத்தகத்தை வாங்கி வந்தாள். ரம்ஜானுக்கு இரண்டு மாசம் இருக்கும்போது ஆரம்பித்தது. ஆங்கிலம் முதலில் கல்லும் முள்ளுமாக இருந்தது. ஐம்பது பக்கம் தாண்டியதும் வண்டி தானாக உருள ஆரம்பித்துவிட்டது. அடுப்பில் குழம்பு கொதிக்கும், கையில் எஸ்ரா இருப்பார். மாமியார் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் அடுப்படியை ஏற்றுக்கொண்டு, அதற்குக் கூலியாகக் கதை கேட்டார்.

"என்னம்மா, அந்த எஸ்ரா நிலத்தை வித்தானா?"

"எங்க மாமி! மூணு வருசமா வெளச்சல் இல்ல, விக்க மாட்டேங்கார். பிள்ளைக பசியாக் கெடக்கு, 'நான் கும்புடுற சாமி இந்த மண்ணுதான்'ங்கார்."

"வீட்டுல உள்ளவுக சாப்பிட்டாகளான்னு ஒரு நாளாச்சும் கேட்டானா?"

மெகருன்னிசா யோசித்துப் பார்த்தாள். கைடில் எஸ்ரா உழைப்பின் சின்னம் என்று போட்டிருந்தது. புத்தகத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை கேட்டதாக எங்கேயும் இல்லை. கைடில் லிடியா பேராசைக்காரி. புருஷனுக்குத் தெரியாமல் குதிரையை விற்றவள். புத்தகத்தில் பார்த்தால் குதிரையை விற்ற பணம் வால்டரின் மார்ச்சளிக்கு மருந்தாகப் போயிருக்கிறது. வைத்தியர் வந்து போன மறுநாள் அந்தப் பெண்பிள்ளை குதிரை இல்லாத லாயத்தைக் கூட்டிப் பெருக்குகிறாள், அவ்வளவுதான், ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அந்த இடத்தைப் படித்துவிட்டு மெகருன்னிசா புத்தகத்தை மூடி வைத்து அழுதாள். இவளையா பேராசைக்காரி என்று இரண்டு பரீட்சையில் எழுதினோம் என்று வெட்கமாக இருந்தது.

எல்லாம் சரி. ஜோனஸ் எங்கே?

முன்னூறு பக்கம் போயிற்று, ஆளைக் காணோம். அறுநூறு ஆயிற்று, தலையைக்கூடக் காட்டவில்லை. கடைசிப் பக்கத்தில் லிடியா வாசலில் நின்று மழை வருகிறதா என்று பார்க்கிறாள், கதை முடிந்துவிடுகிறது. மில்லிக்கு ஒரு பாதிரியார் வீட்டுப் பையனோடு கல்யாணம் நடக்கிறது. ஜோனஸ் என்ற பேரே எண்ணூறு பக்கத்தில் இல்லை.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் கைடைச் சந்தேகப்பட்டிருப்பாள். இவள் சிவகாசி அச்சாபீஸ்காரன் பெண்டாட்டி. அச்சாபீஸில் பதினாறு பதினாறு பக்கமாக ஒரே தாளில் அடித்து மடிப்பதைப் பாரம் என்பார்கள் என்றும், அசந்து மறந்து பைண்டிங்கில் ஒரு பாரம் விட்டுப்போனால் கதாநாயகனே காணாமல் போவான் என்றும் அவளுக்குத் தெரியும். உடனே புத்தகத்தின் முதுகைப் பிளந்து, தையலை எண்ணி, பக்க எண்களை விரல் வைத்துப் பார்த்தாள். எல்லாம் வரிசையாகத்தான் இருந்தன. அப்படியும் அவள் விடவில்லை.

"அமெரிக்காக்காரனுக்கும் பாரம் விட்டுப் போகும்போல மச்சான். நம்பரை மாத்திப் போட்டு ஒப்பேத்திட்டான். வேற பதிப்பு ஒண்ணு மதுரையில கெடைக்குமா?"

இந்த இடத்தில் தவுபிக் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனுஷன் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேகாத வெயிலில் மதுரைக்குப் பஸ் ஏறி, பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, வேறு அட்டை போட்ட பதிப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். இல்லாத ஆளைத் தேட இன்னொரு புத்தகம் வாங்கி வந்த புருஷனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அதிலும் ஜோனஸ் இல்லை.

அந்த வருஷம் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. பெருநாள் கழிந்த மறுநாள் மத்தியானம், பிரியாணி மயக்கத்தில் வீடே படுத்துக் கிடந்தபோது மெகருன்னிசா கைடை எடுத்து ஜோனஸின் பக்கத்தை மறுபடி வாசித்தாள். மனப்பாடமான பக்கம்தான். ஆனாலும் எண்ணூறு பக்கம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த கண்ணோடு இப்போதுதான் வாசிக்கிறாள்.

'ஜோனஸ் அதிகம் பேசாதவன். சந்தை நாளில் ரயில் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் தன் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பான். மில்லி ஏறி வந்ததும் அதை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றுகொள்வான். ஒரு நாளும் அவளிடம் பேசியதில்லை. அவளும் ஒரு நாளும் அவனை நிமிர்ந்து பார்த்ததில்லை. அதில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. அவள் நிற்காமல் உட்கார்ந்து போகிறாள் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.'

இந்தப் பக்கத்துக்காகத்தான் அவளுக்கு ஜோனஸைப் பிடிக்கும். இப்போதும் பிடித்தது. ஆனால் எங்கேயோ இடறியது.

"மச்சான்" என்று பக்கத்தில் படுத்திருந்தவனை உலுக்கினாள். "அமெரிக்காவுல யாராச்சும் கர்ச்சீப் போட்டு இடம் புடிப்பாகளா?"

தவுபிக் கண்ணைத் திறந்தான்.

"அங்கதான் ரயில்ல பத்துப் பேரு ஏறுறதே அபூர்வமாம். அந்த நாவல்லயே காலியாத்தான் போகுது. அங்க எதுக்கு ஒருத்தன் சன்னல் வழியாக் கர்ச்சீப்பைப் போடணும்? அது நம்ம விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில், காலையில் சிவகாசி போகிற பஸ்ஸில், இடது பக்கம் மூன்றாவது ஜன்னல். கல்லூரிக்குப் போன நாட்களில் அவள் ஓட்டமும் நடையுமாக வந்து சேரும்போது பஸ் கிளம்பத் தயாராக நிற்கும், உள்ளே கால் வைக்க இடமிருக்காது. ஆனால் அந்த ஒரு ஜன்னலோரத்திலிருந்து யாரோ ஒரு ஒல்லியான பையன் ஒரு கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு நகர்வான், இடம் காலியாகும். முதல் நாள் இறங்கப் போகிறான் என்று நினைத்து உட்கார்ந்தாள், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது, அவன் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

"நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்பு" என்றாள் மெதுவாக.

"ஆமா" என்றான் தவுபிக்.

பிறகு எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பேராசிரியர் குழு என்பது அவன் ஒருத்தன்தான். பழைய நோட்ஸ் இரண்டை வைத்துக்கொண்டு, நாவலைக் கண்ணால் பார்க்காமல் எழுதியது. நாலு பாரம், அறுபத்து நாலு பக்கம் என்று கணக்கு. எழுதி முடித்தபோது கடைசிப் பக்கம் காலியாக நின்றது. "பிளேட் போட ஆள் நிக்கான். வெள்ளைப் பக்கம் விட்டா வாங்குறவன் நம்மளத்தான் ஏசுவான். எதையாவது போட்டு அடைங்க தம்பி" என்று முதலாளி சீனிவாசகம் தலைக்கு மேல் நின்றார். பாத்திரங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மனசில் அன்றைக்கு வேறு ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டான்.

"மறு பதிப்புல எடுத்துரலாம்னு பாத்தேன். மறு பதிப்பு வர்றதுக்குள்ள ஒங்க வீட்டுக்கு அம்மாவை அனுப்பிப் பொண்ணு கேட்டாச்சு. அப்புறம் நீ வந்து ஜோனஸ் மாதிரி உண்டான்னு கேக்கவும், எடுக்க மனசு வரல."

மெகருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது. மூன்று மாவட்டத்துப் பிள்ளைகள் பத்து மார்க்குக்காக உருப்போட்ட அந்தப் பக்கம் தனக்கு வந்த கடுதாசி என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இன்னொன்று புரிந்தது.

"அப்போ ரெண்டு வாட்டியும் நான் பெயிலானது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கைடைப் பார்த்தே திருத்துகிறவர்கள் கையில் சிக்கியவர்கள் ஜோனஸை எழுதித் தப்பித்திருக்கிறார்கள். இவள் பேப்பர் இரண்டு தடவையும் நாவலைப் படித்த எந்தப் புண்ணியவான் கையில் மாட்டியதோ!

"ஒங்க கர்ச்சீப்பாலதான் நான் ரெண்டு வாட்டி பெயிலானேன். அதைச் சொல்லாம மதுரைக்குப் போயி இன்னொரு புத்தகத்தையும் வாங்கிட்டு வந்து நின்னீகளே, ஒங்களை என்ன செஞ்சாத் தகும்?"

"பயமா இருந்துச்சு மெகரு. ஜோனஸ் இல்லைன்னு தெரிஞ்சா என்னையும் பிடிக்காமப் போயிருமோன்னு."

அவள் எழுந்து போய்விட்டாள். பரீட்சை வரைக்கும் அவனோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள். சாப்பாடு போட்டாள், சட்டையை இஸ்திரி போட்டாள், முகத்தைத்தான் கொடுக்கவில்லை. கோபம் பாதி, மீதி எப்படிப் பேசுவதென்று தெரியாத கூச்சம். லிடியாவோடு மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

பரீட்சை அன்று காலேஜ் வாசலில் தவுபிக் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஜோனஸைத் தொடாத. அதே மாதிரி லிடியாவையும் கைடுல இருக்கிறபடியே எழுதிரு. பேராசைக்காரின்னு. திருத்துறவர் கைடுக்காரரா இருந்தா, மாத்தி எழுதுனதுக்கு மார்க் போட மாட்டாரு."

"நாவல் படிச்சவரா இருந்தா?"

கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

கேள்வித்தாள் வந்தது. பெரிய கேள்வி மாறவில்லை. உங்களை மிகவும் கவர்ந்த பாத்திரம் எது, ஏன்? மெகருன்னிசா பேனாவைத் திறந்ததும் கை தன் போக்கில் ஜோனஸின் பெயரை எழுதிவிட்டது. உலகத்திலேயே ஜோனஸைப் பற்றி இன்றைக்கு அவளை விட அதிகம் எழுதக்கூடியவர்கள் யார் இருக்கிறார்கள்? அவன் எந்தக் குழம்புக்கு அப்பளம் கேட்பான் என்பதுவரை தெரியும். கைடுக்காரர் கையில் போனால் இது நிச்சய மார்க். லிடியா பேராசைக்காரி என்றாலும் நிச்சய மார்க். குதிரை இல்லாத லாயத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அந்த லிடியாவை எழுதினால் மட்டும்தான் கிணற்றில் குதிக்கிற கதை.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மூணாம் கிளாஸ் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். நாளைக்கு அவர்களுக்குப் பாடம் எடுக்கப் போகிறவள், படித்துத் தெரிந்துகொண்டதை விட்டுவிட்டு இதை எழுதிவிட்டுப் போவதா? ஜோனஸின் பெயரை அடித்தாள். லிடியா என்று எழுதினாள். பிறகு நிறுத்தவே இல்லை, கூடுதல் தாள் இரண்டு முறை கேட்டு வாங்கினாள்.

வெளியே வந்து தவுபிக்கிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்துப் போயிற்று. "எல்லாம் என்னாலதான்" என்றான்.

"ஆமா, ஒங்களாலதான்" என்றாள்.

ரிசல்ட் ஜனவரியில் வந்தது. மதுரை ரோட்டில் இருந்த பிரௌசிங் சென்டரில் நம்பரை அடித்துவிட்டுப் பக்கம் திறக்கக் காத்திருந்தார்கள். பாழாய்ப்போன பக்கம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. தவுபிக் திரையைப் பார்க்க மாட்டாமல் சுவரில் ஒட்டியிருந்த ரேட்டுப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தான். "மச்சான், பாஸ்" என்று அவள் சொன்னபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்குத்தான் வரவில்லை. நல்ல மார்க், அந்த வருஷம் அந்தப் பேப்பரில் அவளுக்குத் தெரிந்த யாரும் வாங்காத மார்க். லிடியா கைவிடவில்லை.

மார்க் லிஸ்ட் வாங்க இருவருமாகச் சிவகாசிக்குக் கிளம்பினார்கள். காலை பஸ். ஃபேக்டரிக்குப் போகிறவர்களும் காலேஜ் பிள்ளைகளுமாக ஸ்டாண்டில் எள் போட்டால் விழாத கூட்டம். தவுபிக் டீக்கடையில் சில்லறை வாங்கிக்கொண்டிருந்தான். பஸ் உள்ளே வந்து திரும்பியதும் மெகருன்னிசா புர்காவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இடது பக்கம் மூன்றாவது ஜன்னல். எக்கி நின்று தன் கர்ச்சீப்பை உள்ளே எறிந்தாள்.

அவன் ஏறி முண்டியடித்து வந்தபோது அவள் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பழக்க தோஷத்தில் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான்.

"அங்கன என்ன நிக்கீக? ஒக்காருங்க. ஒங்களுக்குத்தான் போட்டேன்."

"நீ ஒக்காரு."

"ஒக்காருங்கன்னா!"

அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான், அவள் பக்கத்தில். இத்தனை வருஷம் அதே பஸ்ஸில் போய் வந்தவன் அந்த இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பஸ் ஊரைத் தாண்டியதும் காலை வெயில் நேராக வந்து அவன் முகத்தில் அறைந்தது. கண்ணைச் சுருக்கினான், கையை வைத்து மறைத்தான், ஷட்டரை இழுத்துப் பார்த்தான், அது என்றைக்கோ துருப்பிடித்துப் போயிருந்தது. திருத்தங்கல் வருவதற்குள் சட்டை தொப்பலாகிவிட்டது.

"மெகரு" என்றான் ஒரு மாதிரிக் குரலில், "இந்தப் பக்கம் இம்புட்டு வெயிலா அடிக்கும்?"

"நான் காலேஜ் போன அத்தனை நாளும் அடிச்சது."

"சொல்லியிருக்கலாம்ல? மாறியாச்சும் ஒக்காந்திருக்கலாம்ல?"

அவள் எறிந்த கர்ச்சீப் இன்னும் அவன் மடியில் கிடந்தது. அதை எடுத்து, அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள். பஸ்ஸில் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"அந்தப் பையன் தெனமும் எறங்கிப் போற வரைக்கும் அந்த எடத்தையே திரும்பித் திரும்பிப் பாக்கிறது ஓரக்கண்ணுல தெரியும். எந்திரிச்சா மனசு சங்கடப்படுவானோன்னு இருந்துட்டேன்" என்றாள் மெகருன்னிசா.